தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எந்தெந்த பை? 14 பேர் கூடும் ஒரு வீட்டுக்கான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. வட கரோலினாவில் ராலே நகருக்கு அருகே வசிக்கும் ஒரு தாய், மகளின் திருமணத்துக்குப் பின் வரும் முதல் தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காவது வியாழனன்று அமெரிக்கர்கள் குடும்பமாகக் கூடும் திருநாள்) விருந்தைத் தன் வீட்டில் வைக்கிறார். ஜார்ஜியா மாநிலத்துக்காரர்களான சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து 14 பேர். ஊரிலிருந்து வந்திருக்கும் அவருடைய பெற்றோர் முட்டை சேர்த்துக்கொள்வதில்லை. தம்பி மகனுக்கு வால்நட், பீக்கன் போன்ற பருப்புகள் ஒவ்வாது. சம்பந்தியம்மாள் தாமும் ஒரு பை (pie: கிரஸ்ட் எனப்படும் மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்து ஓவனில் சுடும் இனிப்பு) கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஓவனும் ஒன்று, குளிர்சாதனப் பெட்டியும் ஒன்று. எந்தெந்த பை செய்வது, எத்தனை செய்வது என்று கேட்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வகையில் நான்கு பை போதும்: கிரான்பெர்ரி கலந்த ஆப்பிள் பை இரண்டு, பூசணி அல்லது சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை ஒன்று, சம்பந்தியம்மாள் கொண்டுவருவது ஒன்று. நீங்கள் செய்ய வேண்டியவை மூன்றே. ஆப்பிள் பை ஏன் இரண்டு, பூசணியா சர்க்கரைவள்ளியா என்பதை எப்படி முடிவு செய்வது, சம்பந்தியம்மாள் எதைக் கொண்டுவரலாம் என்பவற்றுக்குக் காரணம் சொன்னால்தான் இந்த ஆண்டு மட்டுமல்லாமல் அடுத்த ஆண்டும் நீங்களே தீர்மானிக்க முடியும்.

வழக்கமாக எல்லோரும் செய்வது, வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக "உங்களுக்கு எந்த பை பிடிக்கும்?" என்று கேட்பது. அப்படிக் கேட்டால் பூசணி, பீக்கன், சர்க்கரைவள்ளி, சாக்லேட் க்ரீம் என்று ஐந்தாறு பெயர்கள் வரும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல பைதான். ஆனால் அந்த மேசையில் அதற்கு முன் என்ன பரிமாறப்பட்டது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வான்கோழி, அதன் கிரேவி, வெண்ணெயும் பாலும் விட்டு மசித்த உருளைக்கிழங்கு, ரொட்டியில் செய்த ஸ்டஃபிங், தென்மாநிலத்தார் வந்தால் கட்டாயம் மக்ரோனியும் சீஸும் என்று அந்த உணவு முழுவதுமே மென்மையானது, கொழுப்பு மிகுந்தது, உப்பும் வெண்ணெயும் தூக்கலானது. அதை உண்டு முடித்தவர் முன்னால் பூசணி, பீக்கன், சர்க்கரைவள்ளி ஆகிய மூன்றை வைத்தால், நிறத்தில் மூன்றும் பழுப்பு, சுவையில் மூன்றும் தித்திப்பு. மூன்றிலும் பூரணத்தை இறுக வைப்பது முட்டைதான். மூன்று வகை இருப்பதுபோல் தோன்றினாலும் நாக்குக்கு அது ஒரே வகை. ஆகவே பெரும்பாலோர் பூசணியில் தொடங்கிப் பட்டியல் போடும் இடத்தில், நான் புளிப்புள்ள பழ பையில் தொடங்கச் சொல்வேன். அதை முடிவு செய்த பிறகுதான் மற்றவை.

நவம்பர் மாதக் கடைசியில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பைக்கு நம்பி வாங்கக்கூடிய புதுப் பழங்கள் ஆப்பிளும் கிரான்பெர்ரியும். மிச்சிகன் மாநிலத்தின் புளிப்புச் செர்ரியில் செய்யும் பை மிக நல்லது என்றாலும் அதன் பருவம் கோடைகாலம். நவம்பரில் உறையவைத்ததோ டின்னில் அடைத்ததோதான் கிடைக்கும். ஆப்பிளில் கிரானி ஸ்மித் எல்லாக் கடையிலும் கிடைக்கும், புளிப்பும் உறுதியும் உள்ளது. ஆனால் அதை மட்டுமே போட்டால் சுவை ஒற்றையாக இருக்கும் என்பதால், பாதிக்குப் பாதி கோல்டன் டெலிஷியஸ் அல்லது ஹனிகிரிஸ்ப் சேர்ப்பது என் வழக்கம். மக்கின்டாஷ் ஆப்பிள் சாப்பிட இனிது. ஓவனில் வைத்தால் கூழாகிவிடும், அது ஆப்பிள் சாஸுக்கு உரியது. 9 அங்குல பை ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று பவுண்டு ஆப்பிள் பிடிக்கும். நறுக்கிய துண்டுகளைச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பட்டைத் தூள் ஆகியவற்றில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வடியும் சாற்றைத் தனியே அடுப்பில் சுண்டக் காய்ச்சித் திரும்பச் சேர்த்தால், வெந்தபின் மேல் கிரஸ்டுக்கும் பழத்துக்கும் இடையே வெற்றிடம் விழாது, அடியும் சொதசொதக்காது. அதோடு ஒரு கோப்பை கிரான்பெர்ரி சேர்த்துவிடுங்கள். அதன் புளிப்பு எலுமிச்சையைவிட ஆழமானது. அதிலுள்ள பெக்டின் என்ற இயற்கைப் பசை, சாறு இறுகவும் உதவும். வெட்டும்போது தெரியும் சிவப்பு நிறம் அந்தப் பழுப்பு மேசைக்குத் தேவையும்கூட. வான்கோழியோடு கிரான்பெர்ரி சாஸ் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு கோப்பை அளவு ஆப்பிளுக்குள் கரைந்து நிற்குமே தவிரத் தனிச் சுவையாகத் துருத்தாது.

ஆப்பிள் பையைத் தேர்ந்தெடுக்க உங்கள் வீட்டுக்கு இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. அதன் பூரணத்தில் முட்டை கிடையாது, பருப்பு கிடையாது. மேல் கிரஸ்டில் பளபளப்புக்காகத் தடவும் முட்டைக்குப் பதிலாகப் பாலோ க்ரீமோ தடவிச் சர்க்கரையைத் தூவினால் உங்கள் பெற்றோரும் தம்பி மகனும் தயக்கமின்றி உண்ணலாம். மற்றவர்களுக்கு அது "முட்டையில்லாத பை" என்ற எண்ணமே வராது. முட்டை சேர்க்காதவர்களுக்கென்று சோள மாவும் தேங்காய்ப்பாலும் வைத்து முட்டையில்லாப் பூசணி பை செய்யும் முறைகள் இருக்கின்றன. நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தனித் தட்டில் மாற்றுப் பண்டம் வைத்து "இது உங்களுக்கு" என்று பெரியவர்களிடம் நீட்டுவதைவிட, எல்லோரும் எடுக்கும் பையையே அவர்களும் எடுப்பதுதான் விருந்து. ஆப்பிள் பை இரண்டு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்: முட்டை சேர்க்காதவர்களுக்கு இது ஒன்றே வழி, மற்றவர்களும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள்; ஒன்றை மட்டும் வைத்தால் உங்கள் அப்பா வந்து சேர்வதற்குள் தட்டு காலியாகியிருக்கும்.

கிரஸ்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஆயத்த கிரஸ்டுகளில் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கும். பொட்டலத்தின் பொருள் பட்டியலில் "லார்டு" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். தென்மாநிலப் பழைய கைப்பக்குவங்களிலும் அது உண்டு என்பதால், சம்பந்தியம்மாள் கொண்டுவரும் பையைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. வீட்டில் செய்வதானால் இரண்டரைக் கோப்பை மைதா, ஒரு கோப்பை குளிர்ந்த வெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, ஆறு முதல் எட்டு மேசைக்கரண்டி பனிக்கட்டி நீர் என்பது மேலும் கீழும் மூடிய ஒரு பைக்கான அளவு. வெண்ணெய் உருகாமல் பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவுக்குள் நிற்க வேண்டும். அடுக்கடுக்காகப் பொரிந்து வருவதன் இரகசியம் அதுதான். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசையும் கை இங்கே கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும்.

வெர்மான்ட் மாநிலம் 1999இல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பையாக அறிவித்தபோது, அதைப் பரிமாறுவோர் ஒரு குவளை குளிர்ந்த பாலோ, குறைந்தது அரை அவுன்ஸ் எடையுள்ள செடார் சீஸ் துண்டோ, ஒரு கரண்டி வனிலா ஐஸ்க்ரீமோ உடன் தர நல்லெண்ணத்தோடு முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. சீஸ் வைத்து உண்பது நமக்கு விசித்திரமாகப் படலாம். காரமேறிய பழைய செடாரோடு ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

அடுத்தது, யாரும் பேசாத ஒரு விஷயம்: குளிர்சாதனப் பெட்டி. 14 பேருக்கு 16 பவுண்டுக்குக் குறையாத வான்கோழி வேண்டும். உறைந்த வான்கோழி குளிர்சாதனப் பெட்டிக்குள் இளகுவதற்கு ஒவ்வொரு நான்கைந்து பவுண்டுக்கும் ஒரு நாள் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. அதாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அதன் கீழ்த்தட்டு உங்களுக்குச் சொந்தமில்லை. அதே துறையின் அறிவுரைப்படி, முட்டையும் பாலும் சேர்ந்த பூரணம் உள்ள பைகளை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பூசணி, சர்க்கரைவள்ளி, க்ரீம் பை வகைகள் எல்லாம் இதில் அடங்கும். பலர் மறந்துவிடும் பீக்கன் பையும் அடங்கும், ஏனெனில் அதன் பாகு இறுகுவதும் முட்டையால்தான். சர்க்கரை சேர்த்துச் சுட்ட பழ பைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு நாள் வரை மேடையில் மூடி வைத்திருக்கலாம். எனவே ஒரே குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் முட்டைப் பூரண பைகள் இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதை ஆசைக்கு மேலான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பைகளில் இரண்டைப் பழ பைகளாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இனி பூசணியா, சர்க்கரைவள்ளியா என்ற கேள்வி. இது சுவையைப் பற்றியது என்பதைவிட, யார் எங்கே வளர்ந்தார்கள் என்பதைப் பற்றியது. பூசணி பை நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் பண்டம். 1621இல் அங்குள்ள பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோவாக் பழங்குடி மக்களும் சேர்ந்து உண்ட, முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படும் விருந்தைப் பற்றி எஞ்சியிருக்கும் நேரடிக் குறிப்புகளில் பை எதுவும் இல்லை. ஆகவே அதை அந்த நாளோடு கட்டிப் பேசுவது பிற்கால வழக்கம். தேங்க்ஸ்கிவிங்கை நாடு முழுவதற்குமான திருநாளாக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் கடிதம் எழுதிப் போராடிய எழுத்தாளர் சாரா ஜோசஃபா ஹேல் அதே பகுதியிலுள்ள நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். 1863இல் உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன் அந்த அறிவிப்பை வெளியிட்டபோது, வடக்கத்தியரின் திருநாளும் அவர்களுடைய பூசணி பையும் சேர்ந்தே நாடு முழுவதும் போயின. 1941இல்தான் நாடாளுமன்றம் நவம்பர் மாத நான்காவது வியாழன் என்று சட்டமாக நிலைநிறுத்தியது. தெற்கில், சிறப்பாகக் கறுப்பினக் குடும்பங்களில், அந்த இடத்தில் இன்றும் இருப்பது சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை. சில வீடுகளில் பூசணி பையை வைத்தால் முகம் சுளிக்காமல் ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பாட்டி நினைவு வருவது சர்க்கரைவள்ளியில்தான். ஜார்ஜியாவிலும் இரண்டையும் விரும்பும் வீடுகள் உண்டு என்பதால் ஊகிக்க வேண்டாம். மகளிடமோ சம்பந்தியம்மாளிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வீட்டில் பூசணியா, சர்க்கரைவள்ளியா?" எந்த பை பிடிக்கும் என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. எது இல்லாவிட்டால் அவர்களுக்கு அது தேங்க்ஸ்கிவிங்காகத் தோன்றாதோ, அதை இந்தக் கேள்வி வெளியே கொண்டுவரும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே மார்ஷ்மெல்லோ பரப்பிச் சுட்ட சர்க்கரைவள்ளி கேசரோல் உணவோடு பரிமாறப்படப் போகிறது என்றால், பை பூசணியாகவே இருக்கட்டும். ஒரே கிழங்கை இரண்டு முறை இனிப்பாக வைக்க வேண்டாம். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும் என்பதையும் உங்கள் பெற்றோருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சர்க்கரைவள்ளி என்று முடிவானால் நீங்கள் இருக்கும் இடம் அதற்கு வாய்ப்பானது. அமெரிக்காவில் அந்தக் கிழங்கை மிகுதியாக விளைவிப்பது வட கரோலினாதான். அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கோவிங்டன் என்ற ரகம் எந்தக் கடையிலும் இருக்கும். கிழங்கை வேகவைக்காதீர்கள். நீரில் வெந்தது ஈரத்தை உறிஞ்சிப் பூரணத்தை நீர்க்கவைக்கும். தோலோடு ஓவனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டால் மாவுச்சத்து தானே சர்க்கரையாக மாறித் தேன் போன்ற பாகு தோலில் கசியும். நம் ஊரில் தணலில் சுட்ட கிழங்கின் சுவையை அறிந்த உங்கள் பெற்றோரிடம் இதை விளக்கவே வேண்டியதில்லை. பிறகு மசித்து, நார் இருந்தால் சல்லடையில் தேய்த்து எடுத்து, வெண்ணெய், முட்டை, பால், ஜாதிக்காய் சேர்க்க வேண்டும்.

பூசணி என்று முடிவானால், டின்னில் வரும் பூசணிக்கூழை வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம். முகம் செதுக்கி வாசலில் வைக்கும் ஹாலோவீன் பூசணி நீர்த்தது, நார் மிகுந்தது, சுவையற்றது. அதை வைத்துப் பாடுபடுவதில் பொருளில்லை. இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் நகரில் லிப்பிஸ் நிறுவனம் டின்னில் அடைப்பது டிக்கின்சன் என்ற வெளிர்பழுப்புத் தோல் ரகம். தாவரக் குடும்பத்தில் அது பட்டர்நட் பரங்கிக்கு நெருங்கிய உறவு, சதை இறுகியது. கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று: வெறும் பூசணிக்கூழ் டின்னும், சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்த "பம்ப்கின் பை மிக்ஸ்" டின்னும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாயலில் இருக்கும். முன்னதை வாங்குங்கள். 15 அவுன்ஸ் கூழ், 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டின் பால்), இரண்டு முட்டை, முக்கால் கோப்பை சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பட்டை, அரைத் தேக்கரண்டி சுக்கு, கால் தேக்கரண்டி கிராம்பு, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது அமெரிக்க வீடுகளில் தலைமுறைகளாக நிலைத்த அளவு. நம் கை மசாலாவைக் கூட்டத் தூண்டும். கிராம்பை மட்டும் கூட்டாதீர்கள், பாயசத்தில் பச்சைக் கற்பூரம்போல் அது ஒரு சிட்டிகை மிஞ்சினால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம், பின் 350இல் 40 முதல் 50 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் இரண்டு அங்குல வட்டம் மட்டும் லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். மிச்சம் அதன் சொந்தச் சூட்டில் வெந்துகொள்ளும். நடுப்பகுதியும் இறுகும்வரை வைத்தால் முட்டை மேலும் சுருங்கி, ஆறும்போது பை வெடிக்கும். வெடித்தாலும் விப்டு க்ரீம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

இப்போது சம்பந்தியம்மாள் கொண்டுவருவதற்கு வருவோம். ஜார்ஜியா பீக்கன் விளைச்சலில் முன்னிற்கும் மாநிலம் என்பதால், அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பீக்கன் பையாக இருக்கும். பீக்கன் வட அமெரிக்காவுக்கே உரிய மரம். அதைத் தோட்டப் பயிராக்க வழிகாட்டிய ஒட்டுக்கட்டும் முறையை 1840களில் முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர், லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த அன்டோயின் என்ற தோட்டக்காரர். அவருடைய முழுப்பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று நாம் காணும் பாகு பீக்கன் பையைப் பரப்பியது 1902இல் சந்தைக்கு வந்த கேரோ என்ற கார்ன் சிரப் (சோளப் பாகு). 2013இல் டெக்சாஸ் இதைத் தன் மாநிலப் பையாக அறிவித்துக்கொண்டது. ஜார்ஜியாக்காரர்களிடம் அதை நினைவூட்ட வேண்டாம்.

சிக்கல், தம்பி மகனின் ஒவ்வாமை. வால்நட் ஒவ்வாதவர்களுக்குப் பீக்கனும் ஒவ்வாமலிருப்பது மிகப் பெரும்பாலும் உண்மை. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். அவன் எப்பினெஃப்ரின் ஊசி வைத்திருக்க வேண்டிய அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவன் என்றால், தனி மேசை, தனிக் கத்தி என்ற ஏற்பாடுகளையெல்லாம் நான் நம்பமாட்டேன். 14 பேர் கூடிய வீட்டில் குழந்தைகள் ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுப்பார்கள், பீக்கன் தூள் மேசைவிரிப்பில் சிதறும். அப்போது பீக்கன் பை இந்த ஆண்டு வேண்டாம். ஆனால் "கொண்டுவராதீர்கள்" என்று மட்டும் சொன்னால் முதல் விருந்திலேயே மனத்தாங்கலாகிவிடும். அவருக்கு மாற்றாக ஒன்றைக் கேளுங்கள்: செஸ் பை. இதுவும் அசல் தென்மாநிலப் பண்டம். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, ஒரு கரண்டி கார்ன்மீல் (கொரகொரப்பான மக்காச்சோள மாவு), சிறிது வினிகர் அல்லது எலுமிச்சை. ஏறக்குறைய பருப்பில்லாத பீக்கன் பை என்றே சொல்லலாம். மோர் சேர்த்துச் செய்யும் பட்டர்மில்க் பை இதன் தங்கை. "குழந்தைக்குப் பருப்பு ஆகாது, உங்கள் பக்கத்து செஸ் பையைப் பற்றி மகள் சொன்னாள், அதைச் செய்துகொண்டு வருவீர்களா?" என்று கேட்டால் அதில் மறுப்பும் இல்லை, குறையும் இல்லை. அங்கே பருப்புப் புழங்கும் பாத்திரங்கள் இருக்கும் என்பதால், ஒவ்வாமை கடுமை என்றால் செஸ் பையைக்கூடத் தம்பி மகனுக்குத் தர வேண்டாம். அவனுக்கு ஆப்பிள் பை இருக்கிறது.

ஒவ்வாமை லேசானது, அவன் அதை உண்ணாமல் இருந்தாலே போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பீக்கன் பை வரட்டும். அதை மட்டும் பெரியவர்கள் காப்பி குடிக்கும் பக்கம், தனிக் கத்தியோடும் தனிக் கரண்டியோடும் வையுங்கள். எந்த நிலையிலும் நீங்கள் உங்கள் ஓவனில் பீக்கன் பை செய்ய வேண்டாம். விருந்தாளி பெருமையோடு கொண்டுவரும் பண்டத்தையே வீட்டுக்காரரும் செய்து பக்கத்தில் வைப்பது எந்த ஊரிலும் நன்றாக இருக்காது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குழந்தைகள் கேட்கும் சாக்லேட் க்ரீம் பை நல்லதுதான், ஆனால் அது மூன்றாவது முட்டைப் பூரணமாகிவிடும். ஐஸ்க்ரீமின் மேல் சாக்லேட் சாஸ் விட்டுக் கொடுத்தால் அவர்களுக்குக் குறை தெரியாது. பிரெஞ்ச் சில்க் என்ற சாக்லேட் பை வகையின் பழைய செய்முறையில் முட்டை பச்சையாகவே சேரும் என்பதால் முதியவர்களும் சிறுவர்களும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் தவிர்க்கலாம். கீ லைம் பை புளிப்புள்ளது, ஃப்ளோரிடாவின் மாநிலப் பை. ஆனால் அது வெயில்காலத்துக்கு உரியது, முட்டையும் உண்டு. உலர்பழமும் மசாலாவும் கலந்த, ஒரு காலத்தில் இந்த மேசையில் அரசாண்ட மின்ஸ் பையில் மரபுப்படி மாட்டுக் கொழுப்பு சேரும். உங்கள் வீட்டில் அதைக் கேட்பார் யாரும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 9 அங்குல பையை எட்டாக வெட்டுவது வழக்கம். நான்கு பையில் 32 துண்டுகள். 14 பேருக்கு இது மிகை என்று தோன்றும். ஆனால் அன்று யாரும் ஒரே வகையோடு நிற்பதில்லை, ஒவ்வொன்றிலும் மெல்லிய துண்டாக இரண்டு எடுப்பார்கள். மேலும் மறுநாள் வெள்ளிக்கிழமை காலை உணவாக மிச்ச பையைக் காப்பியோடு உண்பது அமெரிக்க வீடுகளில் விருந்தின் பாதியாகவே கருதப்படும் வழக்கம். மிச்சமில்லாமல் தீர்ந்துபோவதைத்தான் அவர்கள் குறையாக நினைப்பார்கள்.

ஒரே ஓவன் என்பதால் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை ஓவன் வான்கோழிக்கு. அன்று பை சுடலாம் என்ற எண்ணமே வேண்டாம். மாவை முந்தைய வார இறுதியிலேயே பிசைந்து உறைபெட்டியில் வைத்துவிடலாம். செவ்வாய் இரவு அதைக் கீழே இறக்கி இளகவிட்டு, கிழங்கு என்றால் அன்றே சுட்டு மசித்துவிடுங்கள். புதன்கிழமை காலையில் பூசணி அல்லது சர்க்கரைவள்ளிக்கான கிரஸ்டைப் பூரணமின்றி, மேலே காகிதம் விரித்து உலர்ந்த கொண்டைக்கடலையை நிரப்பி, 400 டிகிரியில் 20 நிமிடம் சுட்டெடுங்கள். அடி மொறுமொறுப்பாக நிற்க இது நல்ல வழி. முன்பே சுட்ட கிரஸ்டில் பூரணத்தை ஊற்றினால் 425இல் தொடங்காமல் 350இலேயே சுடலாம். அது முடிந்ததும் வெப்பத்தைக் கூட்டி இரண்டு ஆப்பிள் பைகளையும் ஒன்றாக வையுங்கள்; 425இல் 20 நிமிடம், பின் 375இல் 45 நிமிடத்துக்குக் குறையாமல். இரண்டு பை இருப்பதால் இன்னும் சற்று நேரம் பிடிக்கலாம். மேல் கிரஸ்ட் சிவந்துவிட்டதே என்று எடுத்துவிடாதீர்கள். ஆவி போக நடுவில் இட்ட கீறல் வழியாகச் சாறு கெட்டியாகக் கொதித்து வருவதுதான் அடையாளம். மேல்பகுதி கருகுவதுபோல் தோன்றினால் அலுமினியத் தாளால் மூடிக்கொள்ளலாம். குறைந்தது நான்கு மணி நேரம் ஆறினால்தான் சாறு இறுகும். இதனாலும் புதன்கிழமையே சுட்டு வைப்பது நல்லது. கண்ணாடித் தட்டில் செய்தால் அடி சிவந்ததா என்று பார்க்க முடியும், ஆனால் உறைந்த கண்ணாடித் தட்டைச் சூடான ஓவனில் வைத்தால் உடையும்.

வியாழனன்று வான்கோழியை வெளியே எடுத்து வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஆறவிடுவார்கள். எல்லோரும் உண்ணும் நேரத்தில் ஓவன் சும்மா இருக்கும். அப்போது ஆப்பிள் பைகளை 325 டிகிரியில் 15, 20 நிமிடம் வைத்தால் இனிப்பு வேளைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். பூசணி பையைச் சூடாக்க வேண்டாம், அது குளிர்ந்தபடியே நல்லது. விப்டு க்ரீமில் சர்க்கரையை மிகக் குறைவாகச் சேருங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பீக்கன் பை, செஸ் பை இரண்டையும் தள்ளி வைப்பது நல்லது. ஒரு துண்டு பீக்கன் பையில் ஏறத்தாழ 500 கலோரி இருக்கும், பூசணியில் அது 300க்குச் சற்று மேல். ஆப்பிள் பையைப் பன்னிரண்டாக வெட்டிய சிறு துண்டு ஐஸ்க்ரீம் இல்லாமல் கொடுக்கலாம்.

ஆப்பிள் பைகளில் ஒன்றை முதலில் வெட்டி, பெற்றோருக்கும் தம்பி மகனுக்குமான துண்டுகளை எடுத்து வைத்த பிறகே மற்ற பைகளுக்குக் கத்தி வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் அதற்கென்று ஒரு கத்தியும் கரண்டியும் இருக்கட்டும். முட்டைப் பூரணத்தில் இறங்கிய கத்தி ஆப்பிளுக்கு வந்தால் இவ்வளவு கவனமும் வீணாகிவிடும்.

மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கச் சில காகித அட்டைப் பெட்டிகளை முன்பே வாங்கி வையுங்கள், சம்பந்தி வீட்டார் கையை வீசிக்கொண்டு போக வேண்டாம். முட்டைப் பூரண பைகள் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். உறைய வைப்பதானால் ஆப்பிளும் பீக்கனும் நன்றாகத் தாங்கும். பூசணி பை உறைந்து இளகும்போது நீர் விட்டுக்கொள்ளும் என்பதால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.